கொக்கிளாயில் துளையிட்டால், மூடுமுன் நிலத்தைக் கேளுங்கள்

குழாய்க்கிணறு அடித்துத் தண்ணீர் வந்தால் பம்பைப் பூட்டுவோம். வராவிட்டால் குழியைக் கைவிடுவோம். இரண்டும் அரைவாசி வேலைதான். துளைக்குள் அதிர்வுமானியை இறக்கி மேலே தட்டிப் பார்த்தால், மணல் எங்கே முடிகிறது, அடியிலுள்ள கருங்கல் எங்கே தொடங்குகிறது, எங்கே வெடித்திருக்கிறது என்று வறண்ட குழிகூடச் சொல்லும்.

செய்ய வேண்டியவை

• முதலில் காணிக்குக் கண்ணிவெடி அகற்றிய சான்று இருக்கிறதா என்று பாருங்கள். 1984 இறுதியில் சனம் வெளியேற்றப்பட்டு, போர் முடிந்த பிறகே திரும்பி வந்த ஊர் இது.

• வடிகட்டி இல்லாத பகுதியில் உறைக்குழாயைச் சுற்றிச் சீமெந்துக் குழம்பு விடுங்கள். இடைவெளி இருந்தால் மண்ணின் அதிர்வு கருவிக்குச் சரியாக எட்டாது.

• துளைவாயிலிருந்து சில மீற்றர் தள்ளி நீளப் பலகையொன்றைப் போட்டு, வாகனத்தின் முன்சில்லுகளை அதன்மேல் ஏற்றுங்கள். ஒரு முனையில் சம்மட்டியால் அடியுங்கள், பிறகு மறுமுனையில். குறுக்கலை இரண்டாவது அடியில் தலைகீழாகத் திரும்பும். இரண்டு பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அது வந்துசேர்ந்த கணம் பளிச்சென்று தெரியும். ஒவ்வொரு மீற்றருக்கும் இதைப் பொறுமையாகச் செய்யுங்கள்.

• நெட்டலையின் வேகத்தையும் குறியுங்கள். உலர்மணலில் செக்கனுக்குச் சில நூறு மீற்றர், நீர் நிறைந்த மணலில் 1500க்கு மேல், உறுதியான கருங்கல்லில் 5000 அளவில்.

• கல்லுக்குள் போனதும் ஹைட்ரோபோனை, அதாவது நீருக்கடி ஒலிவாங்கியை, இறக்குங்கள். திறந்த வெடிப்புள்ள இடத்தில் துளைநீரிலேயே ஓர் அலை பிறந்து மேலும் கீழும் ஓடும். தண்ணீர் வரக்கூடிய வாசல் அது.

செய்யக்கூடாதவை

• உப்பா, நன்னீரா என்று அதிர்விடம் கேட்காதீர்கள். இரண்டிலும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்கு மின்தடை அளவை வேண்டும். களப்பும் கடலும் இருபுறமும் நிற்கும் ஊரில் இந்த ஒன்றைத் தவறவிட்டால் மற்ற அளவீடெல்லாம் வீண்.

• தண்ணீரை அளவுமீறி இறைக்காதீர்கள். கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை அது உவர்நீரை அமுக்கி வைத்திருக்கும். மேல்மட்டம் இறங்கினால் உவர் ஏறும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் கிணறுகளை ஓயாமல் இறைத்துச் சுத்தம் செய்த இடங்களில் இதுதான் நடந்தது.

• வெடிமருந்து வேண்டாம். சில பத்து மீற்றருக்குச் சம்மட்டியே போதும்.

• கடல் கொந்தளிக்கும்போதும் பக்கத்தில் ஜெனரேற்றர் ஓடும்போதும் அளக்காதீர்கள்.

• எலும்போ துணியோ வெளிப்பட்டால் ஓர் அங்குலமும் மேலே போகாதீர்கள், பொலிசுக்கு அறிவியுங்கள். பக்கத்துக் கொக்குத்தொடுவாயில் 2023 ஜூன் இறுதியில் தண்ணீர்க் குழாய்க்காக வெட்டிய இடத்தில்தான் மனிதப் புதைகுழி தெரிந்தது.

இனி வருவது

எண்ணெய்க் கிணறுகளில் இப்போது ஒளியிழையே அதிர்வுமானியாக வேலை செய்கிறது. உறைக்குழாயின் வெளிப்புறத்தில் பதித்த இழைக்குள் லேசர் துடிப்பை அனுப்பினால், ஆழம் முழுவதும் ஒரே அடியில் பதிவாகும். மாரியிலும் கோடையிலும் திரும்பத் திரும்ப அளந்து நீர்மட்டம் நகர்வதைப் பின்தொடரலாம். வாசிக்கும் கருவி இன்னும் விலை கூடியது, இழை அப்படியல்ல. ஆகவே துளையிடும்போதே இழையைப் பதித்துவிடுங்கள். கருவியைப் பின்னர் இரவல் வாங்கலாம். சீமெந்து இறுகிய பிறகு இழையை உள்ளே நுழைக்க வழியில்லை.