நிற்க வைத்துப் பார்

அன்புள்ள இளைய டாக்டருக்கு,

லோ பிரஷரும் படபடப்பும் பற்றி இந்த மாத இதழில் நீ எழுதிய கட்டுரையை நேற்று ராத்திரி படித்தேன். காலையில் எழுந்து மறுபடியும் படித்தேன். என் மகளைவிட உனக்கு வயது குறைவாகத்தான் இருக்கும். அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கும் அந்த 22 வயதுப் பெண்ணைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். பி.பி. 90/60, நாடி 78 என்று போட்டிருக்கிறாய். எப்படி எடுத்தது? படுக்க வைத்தா, உட்கார வைத்தா, நிற்க வைத்தா? நான்கு பக்கத்திலும் தேடிவிட்டேன், அந்த ஒரு வார்த்தை இல்லை. நின்றால் கண்ணை இருட்டுகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தவள் அவள். அவளை ஸ்டூலில் உட்கார வைத்து அளந்துவிட்டு, பிரஷர் கொஞ்சம் லோ, மற்றபடி எல்லாம் நார்மல் என்று எழுதினால் எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

உனக்குத் தெரியாதது இல்லை. எழுந்து நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அது ஒரு கதை. பி.பி. அப்படி இறங்காமல், நாடி மட்டும் பத்து நிமிஷத்துக்குள் 30-க்குக் குறையாமல் ஏறி நின்றால், அது வேறு கதை. இந்த இரண்டாவதற்கு ‘பாட்ஸ்’ என்று 1993-ல்தான் மேயோ கிளினிக்கில் பெயர் வைத்தார்கள். எனக்கு அதைச் சொல்லித்தர ஆளில்லை. நீ பரீட்சைக்கே படித்திருப்பாய். படித்ததைச் செய்து பார்க்கப் பத்து நிமிஷம் வேண்டும், அவ்வளவுதான். ஓ.பி.யில் கூட்டம் நெரிகிறது, பத்து நிமிஷத்துக்கு எங்கே போவது என்பாய். ஓரமாக நிற்க வைத்து, பக்கத்தில் ஒரு நர்ஸை விட்டு, ஒரு நிமிஷம், மூன்று, ஐந்து, பத்து என்று குறிக்கச் சொல். நீ அதற்குள் அடுத்த ஆளைப் பார்க்கலாம். மயக்கம் வந்தால் படுக்க வைக்கக் கட்டில் மட்டும் கிட்டத்தில் இருக்கட்டும்.

எங்கள் பேராசிரியர் ஒருவர் ரவுண்ட்ஸ் வரும்போது, தலைசுற்றல் என்று சேர்ந்தவரைக் கட்டிலைவிட்டு இறங்கச் சொல்லி மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். எந்த ஊர், என்ன வெள்ளாமை, கிணற்றில் தண்ணீர் உண்டா என்று பேச்சுப் போய்க்கொண்டே இருக்கும். விரல் மட்டும் நாடியைவிட்டு எடுபடாது. பின்னால் நாங்கள் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருப்போம். ஒரு நாள் பருத்தி விலை பற்றிய பேச்சின் நடுவே, “பிடிங்கடா” என்றார். பெரியவர் சரிவதற்குள் தாங்கிக் கட்டிலில் போட்டோம். பிரஷருக்கென்று முந்தின நாள் ராத்திரி ஆரம்பித்த பிரசோசின் மாத்திரை செய்த வேலை அது. படுத்த நிலையில் மட்டும் அளந்திருந்தால், மருந்து நன்றாகக் கேட்கிறது என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருப்போம். அந்த வார்டில் கற்றதை இன்றைக்கு வரைக்கும் நான் விடவில்லை. நீயும் பழகிக்கொள் அம்மா.

இனிப் பாராட்ட வேண்டும், அதையும் குறைத்துச் சொல்லப்போவதில்லை. கண் இருட்டிக்கொண்டு வரும்போது அந்தப் பெண் கீழ்த்தட்டிலிருந்து சேலை எடுப்பதுபோலக் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, அடுக்கிய சேலையையே பிரித்து மறுபடி அடுக்குகிறாள் என்று எழுதியிருக்கிறாயே, அந்தப் பத்தியைப் படித்துவிட்டு இதழைக் கீழே வைத்துவிட்டேன். இந்த நோயைப் பற்றித் தமிழில் இப்படி ஒரு காட்சியை நான் படித்ததில்லை. நோயாளியை இப்படிப் பார்க்கத் தெரிந்த கண் படிப்பால் வருவதில்லை.

ஆனால் பார்த்ததோடு விட்டுவிட்டு அடுத்த பத்திக்கு ஓடிவிட்டாய். எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது. குத்தவைத்தால் தொடையும் கெண்டைச் சதையும் அழுத்தி அதை மேலே அனுப்புகின்றன. காலைக் குறுக்கே பின்னித் தொடையை இறுக்குவதும் அதற்குத்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அந்தப் பெண் தன் வைத்தியத்தைத் தானே கண்டுபிடித்திருக்கிறாள். வாசகருக்கு அதை நீ சொல்லியிருக்க வேண்டும். பாத்ரூம் போனால் சூப்பர்வைசர் முறைப்பார் என்று மத்தியானம் வரை அவள் தண்ணீரே குடிப்பதில்லை என்பதையும் அரை வரியில் முடித்துவிட்டாய். அந்த அரை வரியில்தான் பாதி நோய் இருக்கிறது. ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்த்திருக்கிறாய், சரி. உப்பைப் பற்றி எழுதும்போது ரத்தக்கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, இதய பலவீனம் உள்ளவர்களை எச்சரித்திருக்கிறாய், அதுவும் சரி.

ஆனால் அந்தக் கடைசிப் பத்தியை என்னால் ஏற்க முடியவில்லை. ஈசிஜி நார்மல், ஆகவே படபடப்புக்கு மனப் பதற்றமே காரணம் என்று முடித்திருக்கிறாய். அந்த ஈசிஜி எப்போது எடுத்தது? எல்லாம் அடங்கி அவள் வீட்டுக்குப் போகத் தயாரான பிறகு. படபடப்பு இல்லாத நேரத்து ஈசிஜி, படபடப்பைப் பற்றி என்ன சொல்லும்? அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களிடம் இதே படபடப்பைப் பார்த்த டா கோஸ்டா என்ற டாக்டர், இதயத்தின் கோளாறு என்று எடுத்துக்கொண்டு 1871-ல் நீளமான கட்டுரை எழுதினார். நம்முடைய பெண்கள் வந்து சொன்னால் மட்டும் ஏன் இத்தனை சீக்கிரம் மனசுக்குப் போய்விடுகிறோம்?

என்னிடம் ஒரு பள்ளிக்கூட டீச்சர் வருவார். உட்கார்ந்து பேப்பர் திருத்தும்போதே, சுவிட்சைத் தட்டினாற்போல நெஞ்சு ஓட ஆரம்பிக்கும், அதேபோலப் பட்டென்று நிற்கும், அடங்கியதும் சிறுநீர் நிறையப் போகும். இந்த மூன்றையும் அவர் போன இடத்தில் எல்லாம் சொல்லியிருக்கிறார். பதற்றத்துக்கான மாத்திரைதான் கிடைத்தது. ஒரு சாயங்காலம் படபடப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்டோவில் வந்து இறங்கினார். கழுத்து நரம்பு துடிப்பது எதிரே நின்ற எனக்கே தெரிந்தது. ஈசிஜி எடுத்தால் நாடி 180-க்கு மேல், ஒரே சீராக. சாய்ந்து உட்கார வைத்து, 10 மில்லி சிரிஞ்சைக் கொடுத்து, உள்தண்டு அசைகிற அளவுக்கு 15 விநாடி ஊதச் சொன்னேன். ஊதி முடித்த கையோடு மல்லாத்திக் காலைத் தூக்கிப் பிடித்தோம். நின்றுவிட்டது. இந்த முறையை இங்கிலாந்தில் சோதித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், வெறுமனே உட்கார்ந்து முக்கியவர்களில் 17 சதவீதத்தினருக்கும், இப்படிக் காலைத் தூக்கிவிட்டவர்களில் 43 சதவீதத்தினருக்கும் இதயம் சீரானது. ஓடும்போது எடுத்த அந்த ஈசிஜியோடு அவரை மதுரைக்கு அனுப்பினேன். அப்லேஷன் செய்துகொண்டார். இப்போது மாத்திரை எதுவும் இல்லை. வகுப்பில் நின்று பாடம் நடத்துகிறார்.

அந்த ஜவுளிக்கடைப் பெண்ணுக்கும் இதேதான் என்று நான் சொல்லவில்லை. நின்றால் ஏறி உட்கார்ந்தால் இறங்குகிறது என்பதால், அவளுடையது முன்பு சொன்ன பாட்ஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம். படபடப்பு வரும்போது பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடி ஒரு ஈசிஜி எடுத்து வைத்துக்கொள்ளச் சொல். நெஞ்சுவலியோ மயக்கமோ சேர்ந்தால் ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது என்றும் சொல். மனசு என்ற முடிவை இதற்கெல்லாம் பிறகு வைத்துக்கொள்.

இன்னொன்று. 1947-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் கொண்டுவந்து, கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை இருக்க வேண்டும் என்று 22-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். நாள் முழுக்க நின்றே பிழைக்கிறவளைப் பற்றி எழுதிய கட்டுரையில் அதற்கு ஒரு வரி இல்லை. குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் அன்றைக்கு ஒரு நாள் தெம்பாக இருக்கும். நாற்காலி இருந்தால் தினமும் வேலை பார்க்கலாம்.

அடுத்த முறை அவள் வரும்போது நிற்க வைத்துப் பார். பிறகு உன் லெட்டர்பேடில் கடை முதலாளிக்கு இரண்டு வரி எழுதிக் கொடு: இந்தப் பெண் வேலை நேரத்தில் இடையிடையே உட்கார வேண்டும், வேண்டும்போது தண்ணீர் குடிக்கவும் பாத்ரூம் போகவும் விட வேண்டும். பிரிவு எண்ணையும் போட்டுக் கையெழுத்து வை. அதற்கு என்ன பதில் வந்தது என்பதை அடுத்த மாதக் கட்டுரையில் எழுது.