சாவைப் பற்றிப் பேசினால் சாவு வந்துவிடுமா?

என் பெரியம்மாவுக்கு இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று, வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து எடுத்த முதல் முடிவு, அவரிடம் சொல்லக் கூடாது என்பதுதான். ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கவரோடு அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகி வைத்தோம். "குடல்ல புண்ணு, மாத்திரையில ஆறிரும்" என்று ஆளாளுக்கு மாறாமல் சொல்லப் பழகிக்கொண்டோம். பெரியம்மாவுக்கு அப்போது 76 வயது. கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசுகளில் கட்டை அடுக்கியே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். "நான் போன பிற்பாடு..." என்று அவர் ஆரம்பித்தாலே, "விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது" என்று யாராவது ஒருவர் வாயை அடைத்துவிடுவோம்.

அவருக்குப் பயம் வந்துவிடக் கூடாதே என்றுதான் இதையெல்லாம் செய்தோம். சாவைப் பற்றி நம் வீடுகளில் உலவும் நம்பிக்கைகள் பலவும் இப்படி அன்பில் பிறந்தவைதாம். ஆனாலும் அவை படுக்கையில் கிடப்பவரைத் தன்னந்தனியே விட்டுவிடுகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"வயசு ஏற ஏற சாவு பயமும் ஏறும்"

நேர்மாறு. மரண அச்சத்தை அளந்து பார்த்த ஆய்வுகள் பலவற்றிலும் முதியவர்களைவிட இளைஞர்களும் நடுவயதினருமே அதிகம் அஞ்சுகிறார்கள். 2007-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் இந்த அச்சம் 20-களில் உச்சத்தில் இருந்தது. அதன்பின் ஆண், பெண் இருபாலரிடமும் இறங்கியது. பெண்களிடம் மட்டும் 50-களில் இன்னொரு முறை தலைதூக்கித் தணிந்தது.

இதை விளங்கிக்கொள்ள நமக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. 1896 ஜூலையில் மதுரையில், சித்தப்பா வீட்டு மாடியறையில் தனியாக இருந்த 16 வயதுப் பள்ளி மாணவனுக்கு, உடம்பில் ஒரு நோவும் இல்லாதபோதே, 'நான் சாகப் போகிறேன்' என்ற பயம் திடீரென்று பிடித்துக்கொண்டது. யாரையும் கூப்பிடாமல், பிணம்போல் கைகால்களை விறைத்துப் படுத்து, சாவது எது என்று உள்ளே பார்க்கத் தொடங்கினான் வேங்கடராமன். சில வாரங்களில் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போய்விட்டான். ரமண மகரிஷியின் கதை அந்தப் பயத்தில்தான் தொடங்குகிறது. 1950-ல் கையில் வந்த புற்றுக்கட்டியால் அவர் இறந்தபோது வயது 70. பக்தர்கள்தாம் கலங்கிப் போனார்கள், அவர் கலங்கவில்லை.

அவர் ஞானி, நாம் அப்படியா என்று கேட்கலாம். நம் தெருக் கிழவிகளைப் பாருங்கள். புருஷன், கூடப் பிறந்தவர்கள், சேக்காளிகள் என்று ஒவ்வொருவராக வழியனுப்பியிருப்பார்கள். தன் கருமாதிச் செலவுக்குப் பணம் முடிந்து வைத்திருப்பார்கள். நாற்பது வயதுக்காரனுக்குக் கட்டி முடியாத வீடும் கரையேறாத பிள்ளையும் இருக்கின்றன. அவன் அஞ்சத்தான் செய்வான்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முதியவர்களுக்கு அச்சம் குறைவு என்றால் வாழும் ஆசை குறைவு என்று பொருளில்லை. திருக்கடையூரில் எண்பது வயதுக்கு சதாபிஷேகம் செய்துகொள்ள வரும் தம்பதிகளின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். 'அவங்களுக்கே போதும்னு ஆயிருச்சு' என்று பிள்ளைகள் தாமே முடிவு கட்டிக்கொண்டால் அது எங்கே போய் முடியும் என்பதற்குத் தலைக்கூத்தல் என்ற கொடிய வழக்கமே சாட்சி. எண்ணெய் தேய்த்துக் குளிர வைத்து ஒரு முதியவரைச் சாகடிப்பது கொலை. அதற்கு வேறு பெயர் கிடையாது.

"மரண பயம் என்றால் செத்துப் போக பயப்படுவது"

அந்த ஒரு சொல்லுக்குள் நாலைந்து பயங்கள் ஒன்றாகக் கிடக்கின்றன. வலி வந்துவிடுமோ, கிடையில் விழுந்துவிடுவேனோ, மலமூத்திரத்துக்கு மருமகளை எதிர்பார்க்க வேண்டிவருமோ, கடன் பிள்ளைகள் தலையில் விழுமோ, போகும் நேரத்தில் பக்கத்தில் யாரும் இல்லாமல் போய்விடுமோ. முதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். "சாவுக்குப் பயமில்ல, கிடையில கிடக்கத்தான் பயம்" என்பார்கள். சாவும் சாகும் விதமும் வேறு வேறு என்பதை எந்த உளவியல் புத்தகமும் படிக்காமல் அவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இப்படிப் பிரித்துப் பார்ப்பதில் பெரிய பயன் இருக்கிறது. சாவுக்கு மருந்தில்லை. இந்தப் பயங்கள் பலவற்றுக்கு இருக்கிறது. வலியையே எடுத்துக்கொள்வோம். புற்றுநோய் என்றால் துடிதுடித்துத்தான் சாக வேண்டும் என்று இன்னும் நம்புகிறோம். சரியான அளவில், சரியான நேரத்தில் கொடுக்கும் மார்ஃபின் பெரும்பாலானவர்களின் வலியைத் தாங்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிடும். 'மார்ஃபின் குடுத்துட்டா அவ்வளவுதான், கதை முடிஞ்சது' என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. வலிக்கேற்ப மருத்துவர் பார்த்துக் கூட்டிக் குறைத்துத் தரும் மார்ஃபின் உயிரைப் பறிப்பதில்லை. வலிக்காக அளவோடு எடுப்பவர் போதைக்கு அடிமையாவதும் அரிது.

பிறகு ஏன் நம் ஊரில் இத்தனை பேர் வலியோடு சாகிறார்கள்? 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, உரிமங்களுக்கும் தண்டனைக்கும் பயந்து பல மருத்துவமனைகள் மார்ஃபினை வாங்குவதையே விட்டுவிட்டன. கேரளத்தின் ராஜகோபால் போன்ற மருத்துவர்கள் விடாமல் போராடி, 2014-ல் சட்டத்தில் திருத்தம் வந்தது. ராஜகோபாலும் நண்பர்களும் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு மையம்தான், வீடு தேடிப் போகும் நோய்த்தணிப்புச் சிகிச்சை கேரளம் முழுக்கப் பரவ வித்திட்டது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டிலேயே இந்தப் பராமரிப்பு உண்டு. பெரியம்மாவுக்குப் புண் துடைத்து, மாத்திரை அளவு சொல்லித்தந்த நர்ஸ் வந்த பிறகுதான் எங்களுக்கு இது தெரியவந்தது. பல மாதம் முன்பே கேட்டிருக்கலாம்.

நோய்த்தணிப்புச் சிகிச்சை என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே இந்தச் சிகிச்சையையும் கொடுத்தார்கள். 2010-ல் வந்த முடிவுகளின்படி அவர்களிடம் மனச்சோர்வு குறைவு, கடைசி நேரக் கடும் மருத்துவமும் குறைவு. ஆனால் வாழ்ந்த காலம் கூடுதல். நடுமட்டக் கணக்கில் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம்.

"சாமி நம்பிக்கை உள்ளவருக்குப் பயமே இருக்காது"

உலகம் முழுக்க நடந்த சுமார் நூறு ஆய்வுகளைச் சேர்த்து 2017-ல் வெளியான அலசலில் பக்திக்கும் அச்சக் குறைவுக்கும் இருந்த தொடர்பு மிக மெல்லியது. பாதிக்கு மேற்பட்ட ஆய்வுகளில் தொடர்பே தெரியவில்லை. சிலவற்றில் பக்தர்களுக்கே பயம் கூடுதல். ஆகவே படுத்திருப்பவர் கண் கலங்கினால் "இவ்வளவு சாமி கும்பிட்டும் இப்படியா" என்று மட்டும் கேட்காதீர்கள்.

"சொன்னால் மனசு விட்டுப்போய் சீக்கிரம் போய்விடுவார்"

நாங்கள் செய்த தவறு இதுதான், அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு நாள் மத்தியானம் வீட்டில் நானும் பெரியம்மாவும் மட்டும். கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பாமலேயே சொன்னார்: "ஏய்யா, அரிசி டிரம்முக்குப் பின்னால இருக்குற கவர எலி கடிச்சிரப் போவுது. எடுத்து பீரோவுல வையி."

என் கை நின்றுவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத மனுசி. தெருவில் யாரிடமும் காட்டிக் கேட்கவும் இல்லை. ஒளித்து வைத்ததைப் பார்த்ததே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. "உங்களுக்கு எப்பத் தெரியும் பெரியம்மா?" என்று கேட்டேன். "நீங்கள்லாம் எங்கிட்டச் சண்ட போடுறத நிப்பாட்டுனீங்கள்ல, அன்னைக்கே" என்றார். நாலு மாதமாக எங்களுக்குப் பயம் வந்துவிடக் கூடாதே என்று அவர் எங்களிடம் நடித்திருக்கிறார். நாங்கள் அவரிடம் நடித்திருக்கிறோம்.

சாகப் போகிறோம் என்று தெரிந்தவரின் மனம் எப்படி இருக்கும் என்பதை நலமாக இருப்பவர்கள் தப்பாகவே கணிக்கிறார்கள். 2017-ல் வந்த ஓர் ஆய்வு, முற்றிய புற்றுநோயிலும் ஏ.எல்.எஸ். என்ற நரம்புச் சிதைவு நோயிலும் இறந்தவர்கள் கடைசி மாதங்களில் எழுதிய குறிப்புகளையும், அந்த நிலையில் தம்மைக் கற்பனை செய்துகொண்டு நலமானவர்கள் எழுதியவற்றையும் ஒப்பிட்டது. கற்பனையாக எழுதியவர்களின் எழுத்தில்தான் அச்சமும் துயரமும் நிறைந்திருந்தன. நோயாளிகளின் எழுத்தில் அன்பும் மகிழ்ச்சியும் கூடுதலாக இருந்தன. சாவு நெருங்க நெருங்க அவை ஏறவும் செய்தன. டெக்சாஸ் மாநிலத்தில் மரண தண்டனைக்குப் போனவர்களின் கடைசி வார்த்தைகளிலும் இதே வித்தியாசம் தெரிந்தது.

அதற்காக எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பதும் தவறு. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிகாகோவில் மரணப் படுக்கையில் இருந்தவர்களோடு உட்கார்ந்து பேசிய எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதியது. யாருமே பேசத் துணியாதவர்களிடம் அவர் பேசினார் என்பதுதான் அந்த வேலையின் பெருமை. எல்லோரும் அந்தப் படிகளை வரிசையாக ஏறுவார்கள் என்பதற்கு ஆய்வுச் சான்று இல்லை, அவரே பின்னாளில் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். காலையில் சிரித்துப் பேசியவர் சாயங்காலம் கோபத்தில் தட்டை வீசலாம். பெரியம்மா ஒருநாள் வீசினார்.

எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் போட்டு உடைக்கச் சொல்லவில்லை. அனுபவமுள்ள மருத்துவர்கள் முதலில் கேட்பார்கள்: "உங்க உடம்புக்கு என்னன்னு நினைக்கிறீங்க? இன்னும் தெரிஞ்சுக்கணும்னு இருக்கா?" வேண்டாம் என்பவரை விட்டுவிடலாம். கேட்பவருக்குப் பொய் சொல்லக் கூடாது. தெரிந்தால்தான் அவர் தன் காரியத்தைத் தானே முடிவு செய்ய முடியும். கடைசியில் செயற்கை சுவாசக் கருவி வேண்டுமா வேண்டாமா என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் அங்கீகரித்தது. 2023-ல் அதன் நடைமுறையையும் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும். உண்மையே தெரியாதவர் எதை எழுதுவார்?

அன்று மத்தியானம் பெரியம்மா மூன்று காரியம் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது. சின்ன மகனுடைய கடனுக்குத் தன் தோட்டை விற்கலாம், நிலத்தைத் தொடக் கூடாது. மூன்றாவது, டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு மஞ்சள் பை இருக்கிறது, அதை அவர் போன அன்றைக்குத்தான் திறக்க வேண்டும்.

"இழுத்துக்கிட்டு கிடக்கு, ஏதோ ஆசை இருக்கு"

கடைசி நாட்களில் தலைமாட்டில் நிற்பவர்களுக்கு இந்தப் பேச்சு வந்துவிடும். மண்ணாசை என்று நிலத்து மண்ணைக் கரைத்தும், பொன்னாசை என்று தங்கத்தை உரைத்தும் வாயில் ஊற்றுவார்கள். உறவுமுறையெல்லாம் வரிசையாகப் பால் ஊற்றும். தயவுசெய்து வேண்டாம். நினைவில்லாதவரால் விழுங்க முடியாது. ஊற்றியது நுரையீரலுக்குள் போய் மூச்சை அடைக்கும். மூச்சு இழுப்பதும், விட்டு விட்டு வருவதும் உடம்பு அடங்கும் விதம். தொண்டையில் கரகரவென்று கேட்பது விழுங்க முடியாமல் தேங்கிய எச்சில். கேட்கும் நமக்கு அது பதறுகிறதே தவிர, பெரும்பாலும் அவருக்கு அது தெரியும் நிலை இருக்காது. சாப்பிடாததும் பட்டினி அல்ல, உடம்புக்குத் தேவை நின்றுவிட்டது. ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்தால் போதும்.

பேசுங்கள். கனடாவில் மரணத் தறுவாயில், கூப்பிட்டால் அசையாத நிலையில் இருந்தவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்து 2020-ல் வெளியிட்டார்கள். அவர்களில் சிலரின் மூளை ஒலிகளுக்கு நலமானவர்களின் மூளையைப் போலவே எதிர்வினை காட்டியது. சொல்வது புரிகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. காதில் விழுந்திருக்கலாம்.

பெரியம்மாவின் கடைசி ராத்திரியில், பால் ஊற்ற வந்தவர்களிடம் மூத்த மருமகள்தான் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கருவாட்டுக் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டதையும், வெள்ளாடு இரண்டு குட்டி போட்டதையும், உளுந்து இந்த வருசம் தப்பாது என்பதையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விடியற்காலை மூச்சு நின்றது.

மஞ்சள் பையைத் திறந்தோம். கழுத்து மஞ்சள் வாசம் போகாத ஒரு சுங்குடிச் சேலை, ரப்பர் பேண்டு போட்ட நூறு ரூபாய்த் தாள்கள், தனியாக ஒரு பிளாஸ்டிக் கவரில் கொஞ்சம் சில்லறை. அந்தச் சில்லறை எதற்கு என்று பக்கத்து வீட்டு அத்தைக்குத் தெரிந்திருந்தது. வரும் சனங்களுக்குக் காப்பித்தண்ணி போட. தன் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்ல முடியாததை எல்லாம் பெரியம்மா அவரிடம் சொல்லி வைத்திருந்தார்.