கணினிக் களிமண்ணில் ஒரு புலிமுகம்

மாணவர்களே, கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களைத் தொலைவிலிருந்து பார்த்திருக்கிறீர்களா? செடிகளுக்கு இடையே ஓடும் தடங்கள் சரிவோடு சேர்ந்து வளைகின்றன. குன்று எங்கே புடைக்கிறது, எங்கே மடிகிறது என்பதை அந்தக் கோடுகளே சொல்லிவிடும். கணினிச் சிற்பமும் அப்படிப்பட்டதே. புள்ளிகளும் கோடுகளும் பின்னிய ஒரு வலைதான் அதன் மேற்பரப்பு. புள்ளிகளை வெளியே இழுத்தால் மேடு, உள்ளே அழுத்தினால் பள்ளம்.

பள்ளிக் கலைவிழாப் புலியாட்டத்துக்கு ஒரு முகமூடி வடிவமைப்போம். இதற்கு 'பிளெண்டர்' மென்பொருள் போதும். அது இலவசம்.

முதல் படி: அளவு
செதுக்கும் முன் அளவுகோலை எடுங்கள். முகத்தின் அகலம், உயரம், இரு கண்மணிகளின் நடுவே உள்ள தூரம் ஆகியவற்றை மில்லிமீட்டரில் குறியுங்கள். பெரியவர்களுக்குக் கண்மணித் தூரம் சராசரியாக 63 மி.மீ. இருக்கும். முப்பரிமாண அச்சுக்கு அனுப்பும் எஸ்டிஎல் கோப்பில் எண்கள் மட்டுமே உண்டு, அலகு கிடையாது. அச்சு மென்பொருள் பொதுவாக அவற்றை மில்லிமீட்டர் என்றே கொள்ளும். மீட்டர் கணக்கில் 0.18 என்று வைத்த முகம், அரிசியைவிடச் சிறிதாக வந்து நிற்கும்!

இரண்டாம் படி: பெரிய வடிவம்
ஒரு கனசதுரத்துக்கு 6 முகங்கள். ஒவ்வொன்றையும் நான்காகப் பகுத்தால் 24, மீண்டும் பகுத்தால் 96. பத்து முறை பகுத்தால் 6 மில்லியனைத் தாண்டும், கணினி திணறும். எனவே குறைந்த முகங்களுடன் தொடங்குங்கள். இடவலச் சமச்சீரை இயக்கிவிட்டு, 'கிராப்' தூரிகையால் நெற்றி, கன்னம், முன்தள்ளிய மூக்கு ஆகியவற்றை மட்டும் இழுத்து அமையுங்கள். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி தேய்த்தால் மேடுபள்ளம் வழவழப்பாகும். வடிவம் சரியான பிறகே முகங்களைப் பெருக்குங்கள்.

மூன்றாம் படி: நுணுக்கம்
வீட்டுப் பூனையின் கண்மணி வெளிச்சத்தில் கீற்றாகச் சுருங்கும். புலிக்கு வட்டமாகவே இருக்கும். காதுகளின் பின்புறம் வெள்ளைப் புள்ளி உண்டு. வரிகளை வரையும்போது சமச்சீரை நிறுத்திவிடுங்கள். புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு புலியின் வரி மற்றொன்றுக்கு வராது. காட்டில் வைக்கும் தானியங்கிக் கேமராப் படங்களில் ஆய்வாளர்கள் புலிகளை அடையாளம் கண்டு எண்ணுவது இதைக் கொண்டுதான். அப்படி எண்ணியதில், மலேசியக் காடுகளில் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று தெரியவந்தது.

நான்காம் படி: அணிபவர்
முகமூடியை உள்ளீடற்றதாக்கி, சுமார் 3 மி.மீ. தடிப்புக் கொடுங்கள். முகத்துக்கும் அதற்கும் இடையே பஞ்சு வைக்க இடம் விடுங்கள். பார்வைத் துளைகள் உங்கள் கண்மணித் தூரத்தில் அமைய வேண்டும். புலியின் கண்கள் வேறிடத்தில் இருந்தால் துளைகளைக் கருவரிகளில் மறைக்கலாம். மூக்கும் வாயும் காற்றோட்டத்துக்குத் திறந்திருக்கட்டும். முன்தள்ளிய மூக்கு காலடியை மறைக்கும். ஆகவே அச்சிடும் முன் அதே அளவில் அட்டையில் ஒன்று வெட்டி, அணிந்து, நண்பர் துணையுடன் படியிறங்கிப் பாருங்கள்.

இவ்வாரப் பயிற்சி: கண்ணும் வரியும் இல்லாமல், பெரிய வடிவத்தை மட்டும் செதுக்குங்கள். அதன் நிழலுருவை நண்பரிடம் காட்டுங்கள். அவர் "புலி" என்றால் மூன்றாம் படிக்குப் போகலாம். "பூனை" என்றால், மீண்டும் 'கிராப்' தூரிகையைக் கையில் எடுங்கள்.