வாசிப்புப் பட்டியலுக்கு ஒரு நகல்

ஆர்எஸ்எஸ் ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடரை மூடப்போவதாக 2013 மார்ச்சில் அறிவித்தார்கள். ஜூலை 1இல் சேவை நின்றது. ஜூலை 15க்குள் தங்கள் சந்தாப் பட்டியலை இறக்கிக்கொண்டவர்கள் வேறு செயலிக்கு மாறினார்கள். மற்றவர்கள் தளங்களை ஞாபகத்திலிருந்து தேட வேண்டியதாயிற்று. மலேசியாவின் ரந்தாவ், பகாவ் தோட்டத்து வீட்டிலிருந்து ஆர்எஸ்எஸ் ஓடை வழியாகத் தமிழ்த் தளங்களைப் படிப்பவரின் பட்டியலும் எங்கோ ஒரு சர்வரில்தான் இருக்கிறது.

அதை ஒரு ஸ்கிரிப்ட் மூலம் நகலெடுத்து வைக்கலாம். ஏற்றுமதிப் பொத்தான் இருக்கிறதே, ஸ்கிரிப்ட் எதற்கு என்று கேட்கலாம். பொத்தானை அழுத்த யாராவது நினைவு வைத்திருக்க வேண்டும். வாரந்தோறும் தானே ஓடும் சிறு பைத்தான் ஸ்கிரிப்டுக்கு அது தேவையில்லை. ஓடை வாசிப்பான்களான தி ஓல்ட் ரீடர், ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் இரண்டும் பழைய கூகுள் ரீடரின் ஏபிஐ முறையை ஏற்கின்றன. ஸ்கிரிப்ட் உள்நுழைந்து, சந்தாப் பட்டியலை வாங்கி, ஓடைப் பட்டியல்களுக்கான ஓபிஎம்எல் கோப்பாக எழுதினால் போதும். தோட்டத்தில் இணையம் மந்தமாயிற்றே என்றால், நூறு தளங்கள் இருந்தாலும் கோப்பு சில பத்து கிலோபைட்தான். சிரம்பானில் இருக்கும் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிடலாம். கோப்பின் பெயரில் தேதியைச் சேருங்கள். இல்லையேல் சேவை கோளாறான அன்று வரும் வெற்றுப் பட்டியல், நல்ல பட்டியலை அழித்துவிடும். கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள் எழுதாதீர்கள். நட்சத்திரமிட்ட கட்டுரைகள் இந்தக் கோப்பில் வராது. அவற்றைத் தனியே சேமிக்க வேண்டும்.