இரவில் எழுந்து உண்ணுதல்: குற்றமன்று, கோளாறு

இரவில் மூடிவைத்த பாத்திரம் காலையில் காலியாக இருக்கிறது. "யார் சாப்பிட்டது?" என்ற கேள்விக்கு வீட்டில் ஒருவர் தலைகுனிகிறார். இத்தகையோர் நீரிழிவுக்காகவோ உடல் பருமனுக்காகவோ எங்களிடம் வருகின்றனர். இரவில் உண்பதை மட்டும் சொல்லத் தயங்குகின்றனர். இது நாவடக்கமின்மை அன்று, சிகிச்சைக்கு உரிய கோளாறு என்பதையே முதலில் கூற விரும்புகிறோம்.

1955ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு இதனை முதன்முதலில் விவரித்தார். நாள் முழுவதும் உண்பதில் கால் பங்கோ அதற்கு மேலோ இரவு உணவுக்குப் பின்னர் உண்ணுதல், வாரத்தில் இருமுறையேனும் உறக்கத்தினின்று எழுந்து உண்ணுதல் ஆகியவற்றை இன்று முதன்மை அறிகுறிகளாகக் கொள்கிறோம். காலையில் பசியின்மை, உறக்கமின்மை, மாலையில் மிகும் மனச்சோர்வு, உண்டால்தான் மீண்டும் உறக்கம் வரும் என்னும் எண்ணம் ஆகியவையும் உடன் காணப்படலாம். உறங்கும் நேரம் மாறாதிருக்க, உண்ணும் நேரம் மட்டும் பின்தள்ளிப் போவதே இதன் இயல்பு.

இவர்கள் தாம் உண்பதை அறிவர். வேறு சிலரோ அரைத்தூக்கத்தில் எழுந்து உண்பர், காலையில் நினைவிராது. சமைக்காத பொருளை உண்பதும் அடுப்பைப் பற்றவைப்பதும் உண்டாதலால் இது ஆபத்தானது. சோல்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகளாலும் இது நேரலாம். எனினும், எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தலாகாது, மருத்துவரிடம் கூறுக.

இன்சுலின் செலுத்திக்கொள்வோர் நள்ளிரவில் வியர்வையுடனும் நடுக்கத்துடனும் பசித்து எழுந்தால், அது இரத்தச் சர்க்கரை தாழ்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். உடனே சர்க்கரையை அளந்து பார்க்க வேண்டும். தாழ்ந்திருந்தால் அப்போது உண்பதே மருந்து. மறுநாள் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

சிகிச்சையில் எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்செய்யும் உளவியல் பயிற்சி முக்கிய இடம் பெறுகிறது. தேவைப்படின் செர்ட்ராலின் போன்ற மருந்துகளையும் மருத்துவர் பரிந்துரைப்பார். இரு வாரங்களுக்கு உண்ட நேரம், உண்ட பொருள், உறங்கிய நேரம் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். பசி இல்லையாயினும் காலையில் ஓர் இட்லியளவேனும் உண்ணத் தொடங்குங்கள்.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: ஏசாதீர்கள், பிறர் முன் எள்ளாதீர்கள். நினைவின்றி எழுபவர் வீட்டில் இருப்பின், இரவில் எரிவாயு உருளையின் வால்வை மூடிவிடுங்கள். கத்திகளை எட்டாத இடத்தில் வையுங்கள். அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது அவருடன் நீங்களும் வாருங்கள். அவர் சொல்லத் தயங்குவதைச் சொல்ல உங்கள் துணை உதவும்.