பொட்டி ஊமையான ராத்திரி

ராத்திரி 11 மணிக்குத் தம்பி என் அறைக் கதவைத் தட்டினான். “அண்ணே, பொட்டி பேச மாட்டேங்குது.”

தம்பிக்குக் கண் பார்வை கிடையாது. லேப்டாப்பை அவன் காதால்தான் பார்க்கிறான். விண்டோஸில் என்விடிஏ, உபுண்டுவில் ஆர்க்கா. இரண்டுமே திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்கள். கல்லூரி வேலைக்கு விண்டோஸ், பைத்தான் பழக உபுண்டு என்று ஒரே மெஷினில் இரண்டையும் போட்டுக் கொடுத்தது நான்தான். நமக்குச் சத்தம் போனால் பாட்டு நின்றுபோகும், அவ்வளவுதான். அவனுக்கு மெஷினே இல்லாமல் போய்விடும்.

உபுண்டுவில் சவுண்ட் செட்டிங்ஸைத் திறந்தேன். வால்யூம் 100. மியூட் இல்லை. ஸ்பீக்கரின் பெயரும் சரியாகவே இருந்தது. சோதனைப் பொத்தானை அழுத்தினால் மௌனம். டெர்மினலில் ஆல்சாமிக்சரைத் திறந்து பார்த்தேன். செட்டிங்ஸில் தெரியாத விஷயமெல்லாம் இதில் தெரியும். மாஸ்டர், ஹெட்போன், ஸ்பீக்கர் என்று தனித்தனிப் பட்டைகள் நிற்கும். பட்டையின் அடியில் ‘எம்எம்’ என்று இருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கிறது. எம் விசையைத் தட்டினால் திறந்துவிடும். மாஸ்டர் முழுசாக இருந்தும் ஸ்பீக்கர் மட்டும் அடைபட்டுக் கிடப்பதை வேறு மெஷின்களில் பார்த்திருக்கிறேன். இதில் அதுவும் இல்லை. எல்லாம் திறந்தே இருந்தன.

மறுபடி சோதனைச் சத்தத்தை ஓடவிட்டேன். தம்பி குனிந்து ஸ்பீக்கர் ஓட்டைகளின் மேல் காதை வைத்தான். “டப்புன்னு ஒண்ணு கேக்குது அண்ணே. ரொம்பச் சின்னதா. நீ ஆரம்பிக்கும்போது ஒரு தடவ, நிறுத்துனா கொஞ்சம் கழிச்சு ஒரு தடவ.” நானும் காதை வைத்துப் பார்த்தேன், எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அவன் சொன்னதற்கு அர்த்தம் இருந்தது. ஒலிச் சில்லு தூக்கம் கலைந்து எழும்போதும் திரும்பத் தூங்கப் போகும்போதும் ஸ்பீக்கரில் அப்படி ஒரு சத்தம் வருவதுண்டு. அப்படியென்றால் ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறது.

மறுநாள் காட்டிய சர்வீஸ் கடையில், “சவுண்ட் ஐசி போயிருக்கும், போர்டைக் கழட்டணும்” என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. இரண்டு சிஸ்டம் இருப்பதில் இது ஒரு வசதி: ஒன்றில் பேசி, மற்றதில் பேசாவிட்டால் கோளாறு வன்பொருளில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. விண்டோஸுக்குப் போனோம். என்விடிஏ தெளிவாகப் பேசியது.

முடிச்சை அவிழ்த்தது தம்பிதான். “காலைல எடுத்ததும் உபுண்டுவுக்குப் போனா பேசுது. விண்டோஸ்ல வேல முடிச்சு ரீஸ்டார்ட் கொடுத்து வந்தாத்தான் ஊமையாகுது.”

ரீஸ்டார்ட்டில் மின்சாரம் முழுசாக நிற்பதில்லை. எந்த முனையில் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் திறப்பதா மூடுவதா என்று ஒலிச் சில்லுக்குள் ஏகப்பட்ட அமைப்புகள் உண்டு. விண்டோஸின் டிரைவர் அவற்றைத் தன் வசதிக்கு மாற்றி வைக்கிறது. பின்னால் வரும் உபுண்டுவின் லினக்ஸ் டிரைவர், எல்லாம் பழைய தொடக்க நிலையில் இருக்கும் என்று நம்பி வேலையைத் தொடங்குகிறது. முன்னால் குடியிருந்தவர் மாடித் தொட்டி வால்வை மூடிவிட்டுப் போன வீடு மாதிரி. கீழே எத்தனை குழாயைத் திருகினாலும் சொட்டு வராது.

ஷட்டவுன் செய்தோம். சார்ஜரைப் பிடுங்கி, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்ப ஆன் செய்து உபுண்டுவுக்குப் போனதும் ஆர்க்கா பேசியது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே உட்கார்ந்து மெனு ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

இனி ரீஸ்டார்ட் கொடுக்காமல் ஷட்டவுன் செய்து மாறினாலும், இதோடு விட்டால் திரும்ப வரக்கூடும். விண்டோஸ் 8 வந்த 2012 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று உண்டு. ஷட்டவுன் கொடுத்தாலும் சிஸ்டத்தின் மையமான கர்னலின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு உறங்கப் போகும். அடுத்த முறை சீக்கிரம் எழ அது உதவும். விண்டோஸ் மட்டும் வைத்திருப்பவருக்கு நல்ல ஏற்பாடு. இரண்டு சிஸ்டம் வைத்திருப்பவர் அதை அணைத்துவிடுவதே நல்லது. ஒலிக்காக மட்டும் சொல்லவில்லை. அது ஓடும் மெஷினில் விண்டோஸ் டிரைவைத் திறந்து எழுத லினக்ஸ் மறுக்கும், வலிந்து எழுதினால் ஃபைல்கள் கெடும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம், அங்கே டிக்கை எடுத்தால் போதும். ஒரு தடவைக்கு மட்டும் என்றால், ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தால் முழுசாக அணையும். பெரிய அப்டேட் வந்தால் அந்த டிக் திரும்பி வந்திருக்கிறதா என்று தம்பியே போய்ப் பார்த்துக்கொள்கிறான்.

செட்டிங்ஸில் ஸ்பீக்கர் பெயருக்குப் பதில் ‘டம்மி அவுட்புட்’ என்று காட்டினால் அது வேறு நோய். லினக்ஸுக்கு ஒலிச் சில்லே கண்ணில் படவில்லை என்று பொருள். புது லேப்டாப்களில் பெரும்பாலும் சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் விடுபட்டிருக்கும். கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் மெஷின் எழும்போது எந்த சிஸ்டம் என்று கேட்கும் கிரப் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். டிவியை எச்டிஎம்ஐ ஒயரில் இணைத்து எடுத்த பிறகு போனதென்றால், சத்தம் இன்னும் அந்தப் பக்கமே போய்க்கொண்டிருக்கக்கூடும்.

புளூடூத் ஹெட்செட்டை நம்பி இருப்பவர்களுக்கும் ஒன்று. விண்டோஸில் இணைத்த ஹெட்செட்டை உபுண்டுவிலும் இணைத்தால், முதலில் இணைத்த இடத்தில் வேலை செய்யாது. கணினியின் புளூடூத் முகவரி ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு சிஸ்டமும் தனித்தனிச் சாவி வாங்கிக்கொள்கிறது, ஹெட்செட் கடைசிச் சாவியை மட்டும் ஞாபகம் வைக்கிறது. ஒரு பக்கத்துச் சாவியை மறுபக்கம் பதிந்து சரிசெய்யலாம். பொறுமை வேண்டிய வேலை. ஒயர் ஹெட்போன் மேல்.

கிரப் மெனு பேசாது. அதனால் தம்பி கணக்கு வைத்திருக்கிறான்: இத்தனை கீழ் அம்பு, ஒரு என்டர். சத்தம் வராவிட்டால் முதலில் அவன் செய்வது, ஒருவேளை ஆர்க்காதான் தொடங்கவில்லையோ என்று ஆல்ட், விண்டோஸ் விசை, எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துவது. அதற்கும் பதில் இல்லாவிட்டால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பவர் பொத்தானில் விரலை வைத்து எண்ண ஆரம்பிக்கிறான். அவனுடைய பையில் கட்டைவிரல் அளவில் ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டும் வாங்கிப் போட்டிருக்கிறேன். உள்ளே இருக்கும் சில்லை அது நம்பி இல்லை. செருகினால் இரண்டு சிஸ்டத்திலும் தனியாகப் பேசும். அது இருந்தால் என்னை எழுப்பத் தேவையில்லை என்கிறான். இருந்தாலும் எழுப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.