விட வேண்டியதை விட்டால் தூக்கம் வரும்!

"படுத்தா தூக்கமே வரமாட்டேங்குது டாக்டர்!" இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு உடம்பில் பெரிய கோளாறு இருக்காது. பையனின் பிளஸ் டூ ரிசல்ட், பெண்ணுக்கு அமையாத வரன் என்று மனசு சுழன்றுகொண்டே இருக்கும்.

சித்த மருத்துவத்தில் நோயைச் சாத்தியம், அசாத்தியம் என்று பிரித்துப் பார்ப்போம். தீரக்கூடியதற்கு மருந்து; தீராததற்கு வேதனையைக் குறைக்கும் வழி. கவலையையும் இப்படிப் பிரித்துப் பாருங்களேன்!

புதுச்சேரிக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கிறது பொம்மையார்பாளையம். இந்தக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கல்சுவர் எழுப்பியதும் அந்த மணல் தடைப்பட்டது. வடக்கே உள்ள குப்பங்களைக் கடல் அரிக்க ஆரம்பித்தது. ஓரிடத்தில் கல் கொட்டினால், அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்கிறது.

இது மனுஷன் செய்த வினை. ஆகவே கரையைக் காக்கச் சொல்லி மனு கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் 2011 டிசம்பர் 30-ல் தானே, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் என்று புயல் வந்தால்? படகை மேட்டுக்கு இழுக்கலாம், என்ஜினைக் கழற்றலாம், குழந்தைகளோடு பத்திரமான இடத்துக்குப் போகலாம். அதற்கு மேல் அன்றைய ராத்திரி கடலுடையது. விழித்துக் கிடந்தாலும் ஓர் அலைகூடக் குறையாது.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

* சாயங்காலமே ஒரு தாளில் கவலைகளை எழுதுங்கள். நம் கையில் உள்ளது ஒரு பக்கம், இல்லாதது மறுபக்கம். முதல் பக்கத்தில் நாளைக்குச் செய்ய வேண்டிய ஒன்றைக் குறித்துவிட்டுத் தாளை மடித்து வையுங்கள்.

* அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். அடக்கக் கூடாத 14 வேகங்கள் என்று சித்த மருத்துவம் சொல்பவற்றில் கண்ணீரும் உண்டு, தூக்கமும் உண்டு. ஆண்பிள்ளை அழலாமா என்று கேட்காதீர்கள்!

* படுக்கப் போகுமுன் வெதுவெதுப்பான பாலில் ஜாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை போதும். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம்.

* இரண்டு வாரமாகியும் தூக்கமின்மையோ, எதிலும் பிடிப்பில்லாத நிலையோ தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

விடுவது வேறு, கைவிடுவது வேறு. பையனைப் படிக்க வைப்பது உங்கள் பொறுப்பு. மார்க் போடுவது வேறொருவர் வேலை. அதை அவரிடமே விட்டுவிட்டு, இன்று பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள்.